ஸ்டெப்னி இல்லாத கார்

எங்கள் குடியிருப்பில் மூன்று லிஃப்ட் உண்டு. பதினோரு வருஷமாக மூன்றையும் பார்த்துக்கொள்கிறவர் ஒரே ஆள்தான். அவர் வேலை பார்க்கும் கம்பெனி இதற்குள் இரண்டு கை மாறிவிட்டது. சட்டைப் பையில் தைத்திருக்கும் முத்திரை மாறியது, ஆள் மாறவில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் பழுப்பு நிறப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். எங்களுக்கு அவர் லிஃப்ட்காரர்.

ஒருமுறை மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொண்டாள். கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். இவர் மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஓடிப்போய், கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இறக்கிக்கொண்டே மேலிருந்து அவளோடு பேசினார். அவள் வீட்டில் எத்தனை பேர், மாமியார் எப்படி, மாமியார் சமையல் எப்படி என்று பேச்சு போயிற்று. கதவு திறந்ததும் அந்தப் பெண், "அதுக்குள்ள வந்துடுச்சா? மாமியார் கதையில பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றாளாம். குடியிருப்பில் அதை இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் அவருடைய வேலைத் தாளில் கையெழுத்துப் போடுவது நான். அப்படித்தான் பழக்கம். மெஷின் ரூமில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் அவர் உட்காருவார், நான் படியில் உட்காருவேன். இனி நான் சொல்லப்போவதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகளில் துண்டு துண்டாகச் சொன்னார்.

எதிலும் மாற்று ஏற்பாடு இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. "லிஃப்டுக்கு நாலு வடம் போட்டிருக்கோம். ஒண்ணே போதும், தாங்கும். மீதி மூணு எதுக்குன்னா, நாம நிம்மதியா இருக்குறதுக்கு" என்பார். வீட்டிலும் அப்படித்தான். இரண்டு டார்ச், மூன்று சாவிக்கொத்து, அடுப்புக்கு அவசரத்துக்கென்று தனியாக ஒரு சிலிண்டர். அவருடைய சின்ன காரில் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காற்று பார்ப்பார். பெரும்பாலான ஆட்களுக்குத் தங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றே பஞ்சர் ஆன பிறகுதான் தெரியும். இவர் ஓடாத அந்தச் சக்கரத்தைத் தூக்கி வெளியே வைத்து, துடைத்து, காற்று அடித்து, மறுபடி படுக்க வைப்பார்.

அவர் மனைவிக்குக் கேலி செய்ய இது போதாதா? பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் அந்த அம்மா. வாய் கொஞ்சம் நீளம். "ஊர்ல சில பேருக்கு ஸ்டெப்னி வீட்டுக்கு வெளியில இருக்கும். எங்க வீட்டுக்காரர் யோக்கியர், டிக்கியிலேயே வெச்சிருக்காரு" என்று பஞ்சர் கடைக்காரர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். பஞ்சர் கடைக்காரர் சிரித்ததில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்ததாம். இதை என்னிடம் சொல்லும்போது லிஃப்ட்காரருக்கு முகமெல்லாம் பெருமை.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் இல்லை. அம்மாவின் தம்பி மட்டும் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தான்.

அந்த அம்மாவுக்கு முதலில் வந்தது வெறும் முதுகுவலி. கனமான அமில ஜாடிகளைத் தூக்கி இறக்கியதால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள், மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தார்கள். அரை வருஷம் போனது. பிறகு ஒரு டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். எலும்புக்குள்ளே, மஜ்ஜையில் வந்த புற்று. கரையான் தின்ற கதவு மாதிரி, வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அந்த அம்மாவின் முதுகெலும்பு அப்படி ஆகிக்கொண்டிருந்தது.

அதற்கு வைத்தியம் இருந்த ஆஸ்பத்திரி நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி, பெரிய நகரத்தில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும். பஸ்ஸில் உட்கார முடியாது. அதனால் கார். காலையில் கிளம்பி, மத்தியானம் ஊசி, சாயங்காலத்துக்குள் வீடு. நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு கடை கிடையாது. கல் குவாரி லாரிகள் மட்டும் போய்வரும் சாலை. லாரியிலிருந்து விழுகிற ஜல்லியும் துருப்பிடித்த ஆணியும் ஓரமெல்லாம் கிடக்கும்.

நாலாவது தடவை திரும்பி வரும்போது அந்த இடத்தில் பின்பக்கத்து இடது சக்கரத்தில் காற்று இறங்கியது.

முந்தின நாள் மழை பெய்து ஓரம் ஈரமாக இருந்தது. லேசாகத் தூறல் வேறு. அப்போதெல்லாம் அந்த அம்மா கைத்தடி வைத்துக்கொண்டு நடப்பார். ஊசி போட்ட அன்று தலை சுற்றும்.

"கொஞ்சம் இறங்கி நின்னுக்கிறியா? ஜாக்கி போடணும்" என்று இவர் கேட்டார்.

"நனையணுமா? நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேனே. என்னோட எடை என்ன பெரிய எடை."

இறக்கியிருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆள் இருக்கும்போது லிஃப்டின் அடியில் போய்க் கைவைக்காதவர் அவர். ஆனால் அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மழையில் எங்கே நிற்க வைப்பது? சரி, அஞ்சு நிமிஷ வேலை என்று விட்டுவிட்டார்.

இன்னொன்றும் நடந்திருந்தது. ஈரத் தரையில் ஜாக்கி இறங்காமலிருக்க அடியில் வைப்பதற்கென்றே டிக்கியில் ஒரு பலகை போட்டு வைத்திருந்தார். போன வாரம்தான் அதை எடுத்து, மூன்று கட்டை அடித்து, அந்த அம்மா கால் வைத்துக் கட்டிலில் ஏற ஒரு சின்ன முக்காலி செய்திருந்தார். வேறு பலகை போடவேண்டும் என்று நினைத்திருந்தார். நினைத்ததோடு சரி.

தரையில் கிடந்த ஒரு தட்டைக் கல்லை வைத்து ஜாக்கி போட்டார். வண்டி எழும்பியது. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே உருவினார். ஸ்டெப்னியை எடுக்கத் திரும்பியபோது பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு போனது. தரை அதிர்ந்தது. கல் சேற்றில் ஒருபக்கமாக இறங்க, ஜாக்கி சாய்ந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்தது.

"ஒரு சாண்தான். ஒரு சாணுக்கு மேல இல்ல" என்று என்னிடம் கையை விரித்துக் காட்டினார்.

உள்ளே இருந்து சத்தமே வரவில்லை. கதவைத் திறந்தால் அந்த அம்மா வாயைத் திறந்தபடி இருந்தார், மூச்சு மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "காலைக் காணோம்" என்றார். கால் அங்கேதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். முதுகெலும்பில் ஒரு கண்ணி நொறுங்கி நரம்பை அழுத்திவிட்டிருந்தது. ஒரு காலில் பாதி உணர்ச்சி திரும்பியது, இன்னொன்றில் அதுவும் இல்லை. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான்.

டாக்டர் நல்லவர். இவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அந்த எலும்பு எப்ப வேணும்னாலும் போயிருக்கும். பலமாத் தும்மியிருந்தாலே போயிருக்கும். நீங்க காரணம்னு நினைக்காதீங்க."

"தும்மியிருந்தா போயிருக்கும் சார். ஆனா தும்மலையே" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பஞ்சர் கடைக்குப் போனார். பஞ்சர் கடைக்காரர் ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி அவளை உள்ள வெச்சுக்கிட்டு நான் ஜாக்கி போடமாட்டேன். அவளை வெளிய இறக்கவும் முடியாது. என்ன செய்யலாம் சொல்லுங்க."

பஞ்சர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ரன்-ஃப்ளாட் டயர்னு ஒண்ணு இருக்கு. பக்கச்சுவர் நல்லா தடிமனா, இரும்பு மாதிரி இருக்கும். காத்து சுத்தமாப் போனாலும் அந்தச் சுவர் வண்டியைத் தாங்கிக்கும். எண்பது கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வீடு வந்து சேர்ந்துடலாம். நடுவுல இறங்க வேண்டியதே இல்ல. உங்க வண்டிக்கு அது வராது. பெரிய வண்டியில சிலதுக்குக் கம்பெனியிலயே போட்டு வரும். அந்த வண்டியில ஸ்டெப்னியே இருக்காது, அது வைக்குற பள்ளமும் இருக்காது."

"அப்ப டிக்கி காலியா இருக்கும்."

"காலியாத்தான் இருக்கும்."

"நாற்காலி வைக்கலாம்."

"வைக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்." அவர் தயங்கினார். "அந்த டயர் கல்லு. ரோட்டுல ஒரு குச்சி கிடந்தாலும் முதுகுல சொல்லும். வீட்டுல அம்மாவுக்கு…"

"மெதுவா ஓட்டுவேன்."

"காத்து போயிட்டா பஞ்சர் ஒட்டவும் முடியாது. புதுசுதான். இங்க கிடைக்காது, சொல்லிவெச்சு வரவழைக்கணும்."

"வரவழைப்போம்."

ஸ்டெப்னியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவர், ஸ்டெப்னியே இல்லாத காருக்கு மாறினார். சின்ன காரை விட்டுவிட்டு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பெரிய கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம். பின்சீட் அகலமாக இருந்தது, அந்த அம்மா தலையணை வைத்துச் சாய்ந்து படுக்கலாம். டிக்கியில் மடித்த நாற்காலி கச்சிதமாக உட்கார்ந்தது. "மந்திரி வீட்டு வண்டி மாதிரி இருக்கு. முன்னாடி ஒரு கொடி கட்டிடுங்க" என்றார் அம்மா.

முதல் நாள் போய்வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று இவர் கேட்டார்.

"தொட்டில்ல போட்ட மாதிரி இருந்துச்சு."

அதை அப்படியே பஞ்சர் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். அவருக்கும் சந்தோஷம். "அப்ப நான்தான் தப்பா நினைச்சிருக்கேன்" என்றார்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ போகும்போது, முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு டயரில் காற்று இறங்குகிறது என்று அர்த்தம். அதே நாற்பது கிலோமீட்டர். வேகத்தைக் குறைத்து ஓட்டினார். வண்டி ஓடியது. நிற்கவில்லை, சாயவில்லை, ஒரு பக்கம் இழுக்கக்கூட இல்லை. நகரம் வந்து, ஆஸ்பத்திரி வாசல் வந்து, நாற்காலியை விரித்து அவரை உட்கார வைத்த பிறகுதான் டயரைக் குனிந்து பார்த்தார். அரை விரல் நீளத்துக்கு ஆணி. அந்த அம்மா ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே, நகரத்தில் ஒரு கடையில் அதே மாதிரி டயர் கிடைத்து மாற்றிவிட்டார்.

"பாத்தியா?" என்றார் திரும்பி வரும்போது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரல் நன்றாக இருந்தது.

"பாத்தேன்" என்றார் அம்மா பின்னாலிருந்து.

பாதி வழியில் அவர் எப்போதும் கேட்பார், வலிக்கிறதா என்று. "இல்லையே" என்று பதில் வரும். சில சமயம் பதிலே வராது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறாள், நல்லதுதான் என்று இவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார்.

இப்படி ஏழு மாதம்.

பிறகு ஒருநாள் வேலையில், இயந்திரத்தின் உருளைக்கும் மூடிக்கும் நடுவில் இவர் வலது கை விரல் மூன்று நசுங்கிவிட்டன. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் பட்டதில்லை. கையைச் சுற்றிப் பெரிய கட்டு. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஊசி போடவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அம்மாவின் தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான்.

"நான் ஓட்டுறேன் மாமா. நீங்க பின்னாடி அக்காகூட உட்காருங்க."

அந்த அம்மா சட்டென்று, "அவர் எதுக்குப் பின்னாடி? முன்னாடி உட்காரட்டும். வழி சொல்லணும்ல" என்றார்.

"எனக்கு வழி தெரியாதாக்கா? மாமா கையைத் தொங்கவிடாம தலையணை மேல வெச்சுக்கட்டும். பின்னாடிதான் வசதி."

தம்பி கதவைத் திறந்துவிட்டான். இவர் ஏறி, அம்மாவின் தலையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அந்தக் காரின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாங்கும்போதுகூட முன்னால் உட்கார்ந்துதான் ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

ஊர் எல்லை தாண்டும் வரை ஒன்றுமில்லை. தம்பி பயந்து பயந்து மெதுவாகத்தான் ஓட்டினான். அதற்கப்புறம் சிமென்ட் சாலை. இருபது அடிக்கு ஒரு ஒட்டு. ஒவ்வொரு ஒட்டிலும் டக் என்று ஒரு சத்தம். முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். கடிகாரச் சத்தம் மாதிரி, காதில் விழுந்தும் விழாத சத்தம். இப்போது ஒவ்வொரு டக்குக்கும் தொடைமேல் இருந்த தலை இறுகியது. அம்மா கண்ணை மூடித்தான் இருந்தார். தாடை மட்டும் கல்லாக இருந்தது. மடியில் இருந்த துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தார். துணி பிழிகிற மாதிரி. டக். டக். இமைகூடத் திறக்கவில்லை.

ஒரு பாலத்தில் ஏறும்போது வண்டி கொஞ்சம் பலமாகவே தூக்கிப் போட்டது. அம்மா துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்தார். யோசித்துச் செய்த மாதிரி இல்லை. பழக்கப்பட்ட கை அது. துண்டின் அந்த ஓரம் ஏற்கெனவே நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"மாப்பிள்ளை, வண்டியை நிறுத்து" என்றார் இவர்.

வண்டி ஓரமாக நின்றது. தம்பி திரும்பிப் பார்த்தான். அக்காவின் வாயில் துண்டைப் பார்த்துவிட்டு, இறங்கிப்போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டான்.

"எப்பவும் இப்படித்தானா?"

"இவன் இன்னைக்கு வேகமா ஓட்டுறான். நீங்கன்னா நல்லா…"

"அவன் என்னைவிட மெதுவாத்தான் ஓட்டுறான். எப்பவும் இப்படித்தானான்னு கேட்டேன்."

அம்மா துண்டை மடித்தார். மடிப்பதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி ஜாக்கியைத் தூக்கிட்டு நிப்பீங்க. அன்னைக்குக் கதவைத் திறந்தீங்களே, அப்ப உங்க மூஞ்சியை நீங்க பாக்கல, நான்தான் பாத்தேன். அதை இன்னொரு தடவை பாக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை." மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு டயருல காத்து போச்சுல்ல, அன்னைக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க" என்றார்.

இவர் மீதி வழி முழுவதும் கட்டுப்போட்ட கையை அந்த அம்மாவின் முதுகுக்கடியில் மெத்தை மாதிரி கொடுத்துக்கொண்டு போனார். விரல் தெறித்தது. நல்லாத் தெறிக்கட்டும் என்று நினைத்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு டயரையும் கழற்றச் சொன்னார். அதே சக்கரத்தில் சாதாரண டயர் மாட்டலாம், தடையில்லை. ஸ்டெப்னிக்குத்தான் இடமில்லை. பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் தேடி, அதே அளவில் ஒரு சக்கரத்தைப் பஞ்சர் கடைக்காரரே வாங்கி வந்தார். டிக்கியில் நாற்காலி. பின்சீட்டில் அம்மா. யோசித்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தை ஒரு கோணிப்பையில் சுற்றி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். இவர் வண்டியைக் கிளப்பினால் வண்டி கீ கீ என்று கத்தியது. யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. சக்கரத்துக்கு பெல்ட் மாட்டிவிட்டதும் அடங்கியது.

அந்த அம்மா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கட்டினவ பின்சீட்டுல, ஸ்டெப்னி முன்சீட்டுல. அதுவும் பெல்ட் போட்டு. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார். பஞ்சர் கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கடைக்குள் போய்விட்டார்.

டயர் மென்மையானதும் வலி போய்விடவில்லை. குறைந்தது. துண்டு தேவைப்படாத அளவுக்குக் குறைந்தது. பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆள் உள்ளே இருக்கும்போது ஜாக்கி கிடையாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் வேலை. "ஆகட்டும், உட்கார்ந்திருப்போம். பேச விஷயமா இல்ல நமக்கு?" என்றார் அம்மா.

அதுவும் ஆனது. மூன்றாவது தடவை, கைக்கட்டு அவிழ்த்து இவரே ஓட்டிப்போனபோது, காலை பத்து மணிக்கு. நல்லவேளையாகப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு லாரி எடைமேடை இருந்தது. தகரக் கூரை, அடியில் சிமென்ட் தரை. வண்டியை அதுவரைக்கும் உருட்டிக்கொண்டு போனார். நாற்காலியை விரித்து, அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார். தூக்கும்போது, கனமே இல்லை என்பது அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. தினமும் தூக்குகிறவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நட்டுகளைக் கழற்றக் கழற்ற அந்த அம்மா கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அஞ்சு. ஒண்ணு குறைஞ்சாலும் நான் பொறுப்பு இல்ல. எங்க லேப்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் சாமான் குடுப்போம்" என்றார். சக்கரத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போது பேசிக்கொண்டே இருந்தார். ஒரு மாணவி செய்முறைத் தேர்வில் பயத்தில் பிப்பெட்டை உறிஞ்சி கரைசலைக் குடித்துவிட்டு, வெளியே சொன்னால் மார்க் போய்விடும் என்று ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டே பரீட்சை எழுதிய கதை. குடித்தது உப்புத் தண்ணீர்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் கடைசி மணி அடிக்கும் வரை சொல்லவில்லையாம்.

"பாவம், ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எழுதறதை விட்டுட்டு அழுதிருப்பா. முழு மார்க் வாங்கினா தெரியுமா?"

ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. ஃபிளாஸ்க்கில் டீ இருந்தது. குவாரி லாரிகள் போயின. ஒரு லாரிக்காரர் நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். "வேணாம் தம்பி, சும்மாதான் உட்கார்ந்திருக்கோம்" என்று அந்த அம்மாவே பதில் சொன்னார். அன்று ஊசிக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய், நர்சிடம் திட்டு வாங்கினார்கள்.

"அந்த ஒன்றரை மணி நேரம்" என்று என்னிடம் ஆரம்பித்தவர், எழுந்துபோய் வடத்துக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் போனார்கள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. நாலு நாள். ஐந்தாம் நாள் விடிந்து, வெயில் ஜன்னலில் ஏறிய பிறகு போய்விட்டார். இவர் பக்கத்தில்தான் இருந்தார். கடைசியாகப் பேசியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீட்டில் பால் பாத்திரத்தைக் கழுவி வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தேன் என்றார் இவர். வைத்திருக்கவில்லை.

பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அது செவ்வாய்க்கிழமையும் இல்லை. லிஃப்ட் ஏதும் நின்றுவிடவும் இல்லை. நான் மெஷின் ரூம் சாவியைக் கொடுத்தேன்.

அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு கணக்கு. "கல்லு டயர்ல பதினாலு தடவை போயிருக்கோம். பதினாலு தடவை வந்திருக்கோம். ஒவ்வொரு தடவையும் வலிக்குதான்னு கேட்டேன் சார். கேக்காம இல்ல. ரோட்டைப் பாத்துக்கிட்டே கேட்டேன்."

நான் ஒருமுறை, "அவங்க வேணும்னேதானே மறைச்சாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மெஷின் லேசாத் திணறினாலே நான் ரெண்டு மாடி கீழ இருந்து சொல்லிடுவேன்" என்றார்.

காரை மைத்துனனிடம் கொடுத்துவிட்டார். முதலில் அவன் வாங்க மாட்டேன் என்றான். பிறகு வாங்கிக்கொண்டான். இவர் இப்போது பஸ்ஸில்தான் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார் என்று அவன் குறைப்பட்டுக்கொள்கிறான்.

போன மாதம் அந்த அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ஆய்வகத்தில் அம்மாவின் பூட்டிய அலமாரி ஒன்று இருக்கிறது, சாவி உங்களிடம்தான் இருக்கும், வந்து திறந்து அவருடைய சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். அலமாரியில் ஒரு வெள்ளை மேலங்கி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, பாதி தீர்ந்த கைக்களிம்பு. மூன்றையும் பையில் போட்டுக்கொண்டார்.

புதிதாக வந்திருந்த உதவியாளர், சின்ன வயதுப் பெண், "கொஞ்ச நேரம் உட்காருங்க. அடுத்த பீரியடுக்குப் பிள்ளைங்க வர இன்னும் நேரம் இருக்கு" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். எதிரே வரிசையாக பாட்டில்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. சாய்வான, நீளமான கையெழுத்து. மளிகைச் சீட்டில் இருபத்தேழு வருஷம் பார்த்த கையெழுத்து.

"இதையெல்லாம் மாத்தி எழுதணும்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரல. அவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

மணி அடித்தது. மாணவிகள் சத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர் எழுந்து ஸ்டூலை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு வழிவிட்டு வெளியே வந்தார்.